இரவல் மிதிவண்டி: ஒரு பிரித்தானிய வரிச்சலுகையின் வரலாறு

பிரித்தானியாவில் வேலைக்குச் சென்றுவர மிதிவண்டி வேண்டும் என விரும்பும் ஊழியர் ஒருவர், தம் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, நிறுவனம் தன் பெயரில் வாங்கும் வண்டியை மாத வாடகைக்குப் பெற்று, அந்த வாடகைக்கு ஈடான தொகையை வரி கணக்கிடப்படுவதற்கு முன்பே தம் ஊதியத்திலிருந்து விட்டுக்கொடுத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஒரு சிறு தொகை செலுத்தி அவ்வண்டியைத் தமதாக்கிக்கொள்ளும் முறை கால் நூற்றாண்டாக நடைமுறையில் இருந்து வருகிறது. ‘சைக்கிள் டு வொர்க்’ என்று ஊழியர்களும் கடைக்காரர்களும் வழங்கும் இத்திட்டம், நடைமுறையில் ஒரு கொள்முதலாகவும் சட்டத்தின் பார்வையில் ஓர் இரவலாகவும் ஒரே சமயத்தில் விளங்குகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் உள்ள இடைவெளியிலிருந்தே அதன் வரிச்சலுகை பிறக்கிறது. இந்த இடைவெளி எவ்வாறு உருவாயிற்று என்பதையும், ஒரு காலத்தில் குறைந்த கூலி பெற்றவர்களின் வாகனமாக இருந்த மிதிவண்டிக்கு அரசு அளித்த இச்சலுகை எவ்வாறு வருமானம் கூடியவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் ஒன்றாக அமைந்தது என்பதையும் விளங்கிக்கொள்ள, மிதிவண்டியின் வரலாற்றையும் வருமான வரியின் வரலாற்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும்.

தொழிலாளியின் வாகனம்

இன்றைய மிதிவண்டியின் முன்மாதிரியான, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து பின்சக்கரம் சங்கிலியால் இயக்கப்படும் ‘பாதுகாப்பு மிதிவண்டி’யை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் கவன்ட்ரி நகரில் ‘ரோவர்’ என்னும் பெயரில் வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோது மிதிவண்டி, துணிந்த இளைஞர்களின் விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து நீங்கி, எவரும் ஏறிச் செல்லத்தக்க வாகனமாயிற்று. ஆயினும் 1890-களில் ஒரு நல்ல வண்டியின் விலை 10 பவுண்டு முதல் 30 பவுண்டு வரை இருந்தது. தேர்ந்த கைவினைத் தொழிலாளியின் வாரக்கூலியே இரண்டு பவுண்டை எட்டாத அக்காலத்தில், வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினராகவும் செல்வர்களாகவும் இருந்தனர். நாட்டிங்ஹாமின் ராலே, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ் முதலிய ஆலைகள் பெரும் எண்ணிக்கையில் உற்பத்தி செய்யத் தொடங்கியபின் விலை படிப்படியாகச் சரிந்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐந்து பவுண்டுக்கும் குறைவான விலையில் வண்டி கிடைத்ததோடு, அதனைத் தவணை முறையில் வாங்கும் வழக்கமும் பரவியது. இம்முறையில் வாங்குபவர் வண்டியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துவார் எனினும், கடைசித் தவணை செலுத்தப்படும் வரை உரிமை விற்றவரிடமே இருக்கும். கடைசித் தவணையோடு வண்டி வாங்கியவருக்கு உரியதாகும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பிற்காலத்து வரிச்சலுகைத் திட்டம் இந்தத் தவணை முறையைத் தோற்றத்தில் ஒத்திருந்தும், தான் அதுவன்று என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்திற்கு உள்ளானதைப் பின்னர்க் காணலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் மிதிவண்டிப் பயணம் அதன் உச்சத்தில் இருந்தது. அரசின் போக்குவரத்துக் கணக்கின்படி, 1949-இல் பிரித்தானியச் சாலைகளில் மிதிவண்டிகள் கடந்த தொலைவு 1,470 கோடி மைல். மோட்டார் வாகனங்களையும் சேர்த்துப் பார்த்தால், சாலைப் போக்குவரத்தின் மொத்தத் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிதிவண்டிக்கு உரியதாக இருந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் கார் வாங்கும் வசதி பரவியதாலும், குடியிருப்புகள் ஆலைகளிலிருந்து விலகி அமைந்ததாலும், சாலைகள் மோட்டார் வாகனங்களையே கருத்தில் கொண்டு அகலப்படுத்தப்பட்டதாலும் இத்தொலைவு 1973-இல் 230 கோடி மைலாகச் சுருங்கியது. காரை வாங்க இயலாதவரே மிதிவண்டியில் செல்வார் என்ற எண்ணம் இக்காலத்தில் ஆழமாக வேரூன்றியது.

உள்நாட்டில் சந்தை சுருங்கத் தொடங்குவதற்கு முன்பே பிரித்தானிய மிதிவண்டித் தொழில் வெளிநாடுகளை நாடியிருந்தது. அதன் ஒரு கிளை சென்னைக்கு வந்தது. ஹெர்குலிஸ் நிறுவனத்தை 1946-இல் தன்வயப்படுத்தியிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம், முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. பர்மிங்ஹாமில் தோன்றிய ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் தமிழகத்தின் தெருக்களில் வீட்டுப் பெயர்களைப் போலப் பழகிப்போனதற்கு இதுவே காரணம். அப்பெயர்கள் பிறந்த நாட்டில் மிதிவண்டி சாலையிலிருந்து மறைந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் தமிழகத்தில் அவை பெருகின.

பொருளாகக் கிடைக்கும் கூலி

முதலாளி ஊழியருக்குப் பணமாக அளிக்காமல் பொருளாகவோ வசதியாகவோ அளிக்கும் பயனை வரிச் சட்டம் ‘பொருள்வழிப் பயன்’ என்னும் வகையில் அடக்குகிறது. இப்பயனுக்கு வரி உண்டா என்ற வினா, மிதிவண்டி மோகம் பரவிக்கொண்டிருந்த 1892-ஆம் ஆண்டிலேயே, அக்காலத்து உச்ச முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையின் முன் வந்தது. ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரில் வங்கிக் கிளை ஒன்றின் பொறுப்பாளராக இருந்தவர், பணியின் தேவை கருதி வங்கிக் கட்டடத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. அந்தக் குடியிருப்பின் மதிப்பை அவருடைய வருமானத்தோடு சேர்க்கலாமா என்பதே வழக்கு. பணமாக மாற்றிக்கொள்ள இயலாத ஒன்று வருமானம் ஆகாது எனச் சபை தீர்ப்பளித்தது. டெனன்ட் எதிர் ஸ்மித் என அறியப்படும் இத்தீர்ப்பு, ஊதியத்தைப் பொருளாக அளிக்கும் வழியைத் திறந்துவைத்தது எனலாம். அதன்பின் வந்த சட்டங்களில் பெரும்பகுதி இவ்வழியைச் சிறிது சிறிதாக அடைக்கும் முயற்சியே.

1970-களில் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த அரசு ஊதிய உயர்வுக்கு வரம்பு விதித்தபோது, உயர்த்த முடியாத ஊதியத்துக்கு ஈடாக நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கார்களை வழங்கின. இவ்வாறு பரவிய ‘நிறுவனக் கார்’ பழக்கம் பிரித்தானிய நடுத்தர வகுப்பின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. அதற்கெனத் தனி வரி விதிகளும் வகுக்கப்பட்டன. மிதிவண்டிக்கு அத்தகைய தனி விதி ஏதும் இருக்கவில்லை. ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு மிதிவண்டியை இரவலாக அளித்தால், பொது விதியின்படி, ஆண்டுதோறும் வண்டி மதிப்பின் 20 விழுக்காடு அவருடைய வருமானமாகக் கருதப்பட்டது. 500 பவுண்டு மதிப்புள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் எனக் கணக்கிட்டு வரி செலுத்த வேண்டியிருந்தது. தொகை சிறிதே எனினும், அதற்கான படிவங்களும் கணக்குகளும் எந்த நிறுவனத்தையும் அம்முயற்சியிலிருந்து விலகச் செய்யப் போதுமானவையாக இருந்தன.

பின்னாளைய திட்டத்தின் மற்றொரு வேர், ஹீட்டன் எதிர் பெல் என்னும் வழக்கில் 1969-இல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பில் உள்ளது. ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களுக்குக் காரைப் பயன்படுத்தக் கொடுத்து, அதற்கு ஈடாக வாரக்கூலியைக் குறைத்தது. விரும்பிய தொழிலாளி குறுகிய கால முன்னறிவிப்புக் கொடுத்து ஏற்பாட்டிலிருந்து விலகிப் பழைய கூலிக்கே திரும்பலாம். உண்மையில் கூலி குறைக்கப்படவில்லை, முழுக் கூலியிலிருந்து காருக்கான தொகை பிடிக்கப்படுகிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதியதால், முழுக் கூலிக்கும் வரி உண்டு என்று முடிவாயிற்று. இத்தீர்ப்பிலிருந்து வரி ஆலோசகர்கள் கற்ற பாடம் எளியது: ஊதியம் பெயரளவில் அல்லாமல் வேலை ஒப்பந்தத்திலேயே குறைக்கப்பட வேண்டும்; குறிப்பிட்ட காலத்துக்கு அதிலிருந்து மீள முடியாதபடி அது அமைய வேண்டும். இவ்வாறு ஊழியர் தம் ஊதியத்தின் ஒரு பகுதிக்கான உரிமையை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக வேறொரு பயனைப் பெறும் ஏற்பாட்டை ‘ஊதியத் துறப்பு’ எனலாம்.

1999

1990-களில் நெரிசலும் காற்று மாசும் அரசியல் பிரச்சினைகளாக வளர்ந்தபின் மிதிவண்டி மீண்டும் அரசின் கவனத்துக்கு வந்தது. 1996-இல் கன்சர்வேடிவ் அரசு வெளியிட்ட தேசிய மிதிவண்டி உத்தி, மிதிவண்டிப் பயணங்களின் எண்ணிக்கையை 2002-க்குள் இரு மடங்காகவும் 2012-க்குள் நான்கு மடங்காகவும் உயர்த்துவதை இலக்காக அறிவித்தது. அடுத்த ஆண்டில் ஆட்சிக்கு வந்த லேபர் அரசில் போக்குவரத்துக்கும் பொறுப்பேற்றிருந்த துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட், 1998 ஜூலையில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் வாயிலாக, ஊழியர்கள் காரில் தனித்தனியே வருவதைக் குறைக்கும் பயணத் திட்டங்களை நிறுவனங்கள் வகுக்க வேண்டும் என வலியுறுத்தினார். நிறுவனங்கள் பேருந்து ஏற்பாடு செய்தாலும் மிதிவண்டி அளித்தாலும் அவை ஊழியரின் தலையில் வரியாக விழுமாயின் அத்திட்டங்களுக்குப் பொருளில்லை என்பதால், நிதியமைச்சர் கார்டன் பிரவுனின் 1999 வரவுசெலவுத் திட்டம் இத்தடையை நீக்க முற்பட்டது.

1999-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், முதலாளி இரவலாக அளிக்கும் மிதிவண்டிக்கும், தலைக்கவசம், விளக்கு, பூட்டு முதலிய பாதுகாப்புப் பொருள்களுக்கும் வரிவிலக்கு அளித்தது. அதற்கான நிபந்தனைகள் மூன்று: வண்டியின் உரிமை ஊழியருக்கு மாற்றப்படக் கூடாது, ஊழியர் வண்டியைப் பெரும்பாலும் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான பயணத்துக்கோ பணி நிமித்தமான பயணத்துக்கோ பயன்படுத்த வேண்டும், இவ்வசதி மேலாளர்களுக்கு மட்டும் என்றில்லாமல் ஊழியர்கள் அனைவருக்கும் பொதுவாகக் கிடைக்க வேண்டும். ‘பெரும்பாலும்’ என்பது பாதிக்கு மேல் எனப் பொருள் கொள்ளப்பட்டது. ஊழியர் நாள்தோறும் பயணக் குறிப்பு எழுதிவைக்க வேண்டியதில்லை என்றும் வரித்துறை விட்டுக்கொடுத்தது. இவ்விலக்கு இன்று 2003-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 244-ஆம் பிரிவாக நிலைபெற்றுள்ளது.

அக்காலத்துச் சட்டமியற்றலில் மிதிவண்டிக்குக் காட்டப்பட்ட பரிவு சிற்றுண்டி வரை நீண்டது. மிதிவண்டியில் வேலைக்கு வருவோரை ஊக்குவிக்கும் நாள்களில் நிறுவனம் அவர்களுக்கு அளிக்கும் காலை உணவுக்கும் வரிவிலக்கு அளிக்கப்பட்டது. வரி விதிகளை எளிமையாக்கும் முயற்சியில் அவ்விலக்கு 2013-இல் நீக்கப்பட்டது. சொந்த மிதிவண்டியைப் பணி நிமித்தம் ஓட்டுபவருக்கு மைலுக்கு 12 பென்ஸ் வரியின்றி அளிக்கவும் 1999-இல் இசைவு தரப்பட்டது. 2002-இல் அது 20 பென்ஸாக உயர்ந்து, அதன்பின் அங்கேயே நின்றுவிட்டது.

1999-ஆம் ஆண்டு வேறு இரு நிகழ்வுகளாலும் நினைவுகூரத்தக்கது. நாட்டின் முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 1999 ஏப்ரலில், மணிக்கு 3.60 பவுண்டு என்ற அளவில், நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் நாட்டிங்ஹாமின் ராலே ஆலையில் மிதிவண்டிச் சட்டகங்களைப் பெருமளவில் தயாரிக்கும் பணி நிறுத்தப்பட்டது. 2002-இல் அந்த ஆலையே மூடப்பட்டது. ஊழியர் மிதிவண்டி வாங்குவதை அரசு ஊக்குவிக்கத் தொடங்கிய வேளையில், அவ்வண்டிகள் உள்நாட்டில் செய்யப்படும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

மூன்று சட்டங்களின் கூட்டு

1999-ஆம் ஆண்டின் சட்டத்தில் ஊதியத் துறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலாளி தம் செலவில் வண்டி வாங்கி ஊழியருக்கு இரவலாக அளிப்பார் என்பதே அச்சட்டத்தின் எளிய கற்பனை. அவ்வாறு செய்ய முன்வந்த நிறுவனங்கள் சிலவே. வரிவிலக்கையும் ஊதியத் துறப்பையும் இணைத்தால் முதலாளிக்குச் செலவின்றியும் ஊழியருக்கு ஆதாயமாகவும் வண்டி கிடைக்கும் என்பது கண்டறியப்பட்ட பின்னரே இத்திட்டம் உயிர்பெற்றது. அந்த இணைப்பு நிலைக்க மூன்றாவதாக ஒரு சட்டத்தின் தயவும் தேவைப்பட்டது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கக்கூடிய வாடகை ஒப்பந்தங்களை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தி, வாடகைக்கு விடும் தொழிலுக்கு உரிமம் பெற வேண்டும் என விதித்திருந்தது. தன் ஊழியருக்கு ஒரு மிதிவண்டியை ஓராண்டு வாடகைக்கு விடும் மருத்துவமனையும் பள்ளியும் இவ்விதிக்குள் சிக்கின. இச்சிக்கலைத் தீர்க்க நியாய வணிக அலுவலகம், இத்திட்டத்தில் சேரும் முதலாளிகள் அனைவரையும் உள்ளடக்கும் ஒரு கூட்டு உரிமத்தை வழங்கியது. அவ்வுரிமம் மதிப்புக் கூட்டு வரி உட்பட 1,000 பவுண்டு வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். பிற்காலத்தில் மக்கள் இத்திட்டத்தின் இயல்பான வரம்பாகக் கருதிய 1,000 பவுண்டு, வரிச் சட்டத்தில் எங்கும் இல்லாத, கடன் உரிமம் ஒன்றின் ஓரத்தில் எழுதப்பட்ட எண்ணே ஆகும்.

2000-களின் நடுப்பகுதியில் இவ்விணைப்பு முழுமை பெற்றது. முதலாளியின் பொருளை ஊழியர் பின்னர் விலைக்கு வாங்கும்போது வரி கணக்கிடப்படும் முறையை 2005-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மிதிவண்டிக்கு எளிமையாக்கி, மாற்றப்படும் நாளில் வண்டிக்குள்ள சந்தை மதிப்பை ஊழியர் செலுத்திவிட்டால் வரி இல்லை என்ற நிலையை உண்டாக்கியது. நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் இடையில் நின்று ஒப்பந்தங்களைத் தயாரித்து, கடைக்காரரிடமிருந்து தரகு பெறும் இடைநிலை நிறுவனங்கள் தோன்றின. ஊழியர் தாம் விரும்பும் வண்டியைக் கடையில் தேர்ந்தெடுப்பார். இடைநிலை நிறுவனம் அதற்கான சீட்டை வழங்கும். முதலாளி விலையைச் செலுத்துவார். ஊழியரின் ஊதியம் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைக்கப்படும்.

இதே காலத்தில் இத்திட்டத்தின் இரட்டைப் பிறவியான மற்றொன்று மறைந்ததும் குறிப்பிடத்தக்கது. 1999-இல் மிதிவண்டியோடு சேர்த்து, முதலாளி ஊழியருக்கு இரவலாக அளிக்கும் கணினிக்கும் வரிவிலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதுவும் ஊதியத் துறப்போடு இணைக்கப்பட்டு, வீட்டுக் கணினி வாங்கும் திட்டமாகப் பரவியது. கார்டன் பிரவுன் 2006 வரவுசெலவுத் திட்டத்தில் அதனை ரத்து செய்தார். ஒரே சட்டத்தில், ஒரே அமைப்பில் பிறந்த இரண்டில் ஒன்று ஏழாண்டில் முடிந்துபோக, மற்றொன்று நிலைத்தது. கணினி அதற்குள் பொதுச் சந்தையில் மலிந்துவிட்டிருந்தது. மிதிவண்டிக்கோ உடல்நலம், நெரிசல், காற்றுத் தூய்மை என மூன்று துறைகளின் ஆதரவு சேர்ந்திருந்தது.

இறுக்கங்களும் தளர்வுகளும்

இத்திட்டத்தின் மையமான முரண் ஒப்பந்தக் காலத்தின் முடிவில் வெளிப்படும். வண்டி இறுதியில் ஊழியருக்கு விற்கப்படும் என்று முன்கூட்டியே வாக்களித்தால், அது வாடகை என்ற நிலை மாறிப் பழைய தவணை முறைக் கொள்முதலாகிவிடும்; அப்போது உரிமை மாறக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டு வரிவிலக்கும் போய்விடும். ஆகவே, ஊழியர் வண்டியைத் தமதாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் சேருகிறார் என்பதை எல்லாரும் அறிந்திருந்தும், எவரும் அதனை எழுத்தில் கூற இயலாத நிலை ஏற்பட்டது. தொடக்க ஆண்டுகளில் ஓராண்டு முடிவில் பெயரளவிலான ஒரு தொகைக்கு வண்டியைக் கொடுத்துவிடும் வழக்கம் பரவியிருந்தது. வரித்துறை 2010 ஆகஸ்டில் ஒரு மதிப்பீட்டு அட்டவணையை வெளியிட்டு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்படி, 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள வண்டியின் மதிப்பு ஓராண்டுக்குப் பின் மூல விலையில் 25 விழுக்காடு; நான்காண்டுக்குப் பின் 7 விழுக்காடு. விலை 500 பவுண்டுக்குக் குறைவாயின் அவ்விகிதங்கள் முறையே 18, 3 விழுக்காடு.

அட்டவணையிலேயே அதற்கான விடையும் ஒளிந்திருந்தது. ஓராண்டு முடிந்ததும் வண்டியை விற்காமல், 7 அல்லது 3 விழுக்காட்டுத் தொகையை முன்வைப்பாகப் பெற்றுக்கொண்டு, மேலும் மூன்றாண்டுகளுக்கு வாடகையின்றிப் பயன்படுத்த இடைநிலை நிறுவனங்கள் இசைந்தன; நான்காம் ஆண்டின் முடிவில் அந்த முன்வைப்பே விலையாக ஏற்கப்படும். இதன் விளைவாக, பணம் முழுவதும் கொடுத்துத் தீர்ந்த வண்டியை, தமக்கு உரிமையில்லாத பொருளாக, ஊழியர் மூன்றாண்டுகள் ஓட்டும் விந்தையான நிலை இயல்பாயிற்று.

அடுத்த இறுக்கம் மதிப்புக் கூட்டு வரியின் வழியே வந்தது. முதலாளி வண்டி வாங்கும்போது செலுத்திய இவ்வரியைத் திரும்பப் பெற்று, அந்த ஆதாயத்தை ஊழியருக்குக் கடத்துவது வழக்கமாக இருந்தது. அஸ்ட்ராசெனக்கா நிறுவனம் ஊழியர்களுக்கு ஊதியத்துக்கு ஈடாக அளித்த கடைச் சீட்டுகள் பற்றிய வழக்கில், ஊழியர் விட்டுக்கொடுக்கும் ஊதியமே அப்பயனுக்கான விலை என 2010 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைப் பின்பற்றி, 2012 ஜனவரி முதல் துறக்கப்பட்ட ஊதியத்தின் மீதும் மதிப்புக் கூட்டு வரி கணக்கிடப்பட வேண்டியதாயிற்று. ஊழியர்களின் மிச்சம் கணிசமாகக் குறைந்தது.

இதற்குப்பின் வந்த மாற்றங்கள் பெரும்பாலும் தளர்வின் திசையில் அமைந்தன. ஊதியத் துறப்பு எல்லாவகைப் பொருள்களுக்கும் பரவி வரி வருவாயைக் குறைப்பதாகக் கண்ட நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், 2017 ஏப்ரல் முதல் பெரும்பாலான ஊதியத் துறப்பு ஏற்பாடுகளின் வரிச் சலுகையை நீக்கியபோது, ஓய்வூதியம், குழந்தைப் பராமரிப்பு, மிகக் குறைந்த மாசு வெளியிடும் கார் ஆகியவற்றோடு மிதிவண்டிக்கும் விதிவிலக்கு அளித்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பெயர் சொல்லாமல் இருந்த கூட்டணியை அரசு முதன்முறையாகச் சட்டத்திலேயே அறிந்தேற்றது இதன் மூலம் எனலாம். மிதிப்பவரின் விசையோடு மின் விசையும் சேரும் மின்மிதிவண்டிகள் 1,000 பவுண்டுக்குள் கிடைப்பது அரிதாக இருந்ததால், 2019 ஜூனில் போக்குவரத்துத் துறை தன் வழிகாட்டுதலைத் திருத்தி, நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி பெற்ற இடைநிலை நிறுவனங்கள் அதற்கு மேற்பட்ட விலைக்கும் ஒப்பந்தம் செய்யலாம் எனத் தெளிவுபடுத்தியது. கொரோனா தொற்றுக் காலத்தில் ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்றியதால் பயண நிபந்தனையை நிறைவேற்ற இயலாமல் போகவே, 2020 டிசம்பர் 20-க்குள் சேர்ந்தவர்களுக்கு 2022 ஏப்ரல் 5 வரை அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது.

பிற நாடுகள் இதே நோக்கத்தை வேறு உருவங்களில் நிறைவேற்றின. அயர்லாந்து 2009-இல் தொடங்கிய திட்டத்தில் விலை வரம்பை வரிச் சட்டத்திலேயே 1,000 யூரோ என எழுதி, 2020-இல் அதனைச் சாதாரண வண்டிக்கு 1,250 யூரோவாகவும் மின்மிதிவண்டிக்கு 1,500 யூரோவாகவும் உயர்த்தியது. ஜெர்மனி 2012-இல், நிறுவனக் காருக்கு இருந்த வரிக் கணக்கீட்டு முறையையே மிதிவண்டிக்கும் நீட்டித்தது. அமெரிக்கா 2009 முதல் மாதம் 20 டாலர் வரையிலான ஈட்டுத்தொகைக்கு வரிவிலக்கு அளித்து, 2018 முதல் அதனை நிறுத்திவைத்தது. இந்திய நடுவண் அரசு தன் ஊழியர்களுக்கு அளித்துவந்த, ஊதியத்தில் தவணைகளாகப் பிடிக்கப்பட்ட சைக்கிள் முன்பணம் இவை எல்லாவற்றிலும் எளிமையானது. வாங்கிய நாளிலேயே வண்டி ஊழியருக்கு உரியதாகிவிடும். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் அது கைவிடப்பட்டது.

யாருக்கு எவ்வளவு

பிரித்தானியத் திட்டத்தின் பயன் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 600 பவுண்டு விலையுள்ள வண்டிக்காக இங்கிலாந்தில் இரு ஊழியர்கள் மாதம் 50 பவுண்டு வீதம் ஓராண்டுக்கு ஊதியம் துறக்கின்றனர் எனக் கொள்வோம். அடிப்படை விகிதத்தில் வரி செலுத்துபவருக்கு வருமான வரி 20 விழுக்காடும், ஓய்வூதியம் முதலிய சமூகப் பாதுகாப்புக்கென ஊதியத்தில் பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 2024 ஏப்ரலுக்குப் பிந்தைய விகிதப்படி 8 விழுக்காடும் மிச்சமாகும். ஆகவே அவர் கையிலிருந்து குறைவது 432 பவுண்டு. உயர் விகிதத்தில் வரி செலுத்துபவருக்கு இவை முறையே 40, 2 விழுக்காடு என்பதால், அவர் கையிலிருந்து குறைவது 348 பவுண்டு மட்டுமே. ஓராண்டு முடிவிலேயே உரிமையைப் பெற அட்டவணைப்படி 150 பவுண்டு செலுத்தினால், முன்னவருக்கு மொத்தச் செலவு 582 பவுண்டு. அதாவது இத்தனை ஒப்பந்தங்களுக்கும் பின் அவர் மிச்சப்படுத்தியது 18 பவுண்டு. பின்னவருக்கோ அதே நிலையில் 102 பவுண்டு மிச்சம். நான்காண்டு காத்திருந்து 42 பவுண்டு முன்வைப்போடு முடித்துக்கொண்டால் இம்மிச்சம் முறையே 126 பவுண்டாகவும் 210 பவுண்டாகவும் உயரும். முதலாளியும் தம் பங்குக்குச் செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டில், 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய 15 விழுக்காட்டு விகிதப்படி, 90 பவுண்டு சேமிக்கிறார்.

இவ்வேறுபாட்டினும் ஆழமானது, திட்டத்துக்குள் நுழையவே இயலாதவர்களின் நிலை. துறந்த பின் எஞ்சும் ஊதியம் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே செல்லக் கூடாது என்பது தொழிலாளரைக் காக்கும் விதி. அதன் நேர் விளைவாக, அக்குறைந்தபட்ச அளவிலேயே (2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு) ஊதியம் பெறும் கடை ஊழியரும் துப்புரவுப் பணியாளரும் முதியோர் இல்லப் பராமரிப்பாளரும் ஒரு பென்னியைக்கூடத் துறக்க இயலாது. சுயதொழில் செய்வோருக்கு முதலாளி என ஒருவர் இல்லாததால் அவர்களும் வெளியே நிற்கின்றனர். மிதிவண்டியில் உணவு கொண்டுசென்று பிழைப்பவர்களுள் பலர் இவ்வகையினர். நிறுவனம் வட்டியின்றி அளிக்கும் சிறு கடனுக்கு வரியில்லை என்ற விதி வேறிடத்தில் இருப்பதால், மனமுள்ள முதலாளி ஊழியருக்குக் கடன் கொடுத்து உதவலாம். ஆனால் அதில் வரிச்சலுகை ஏதும் கிட்டாது.

இத்திட்டத்தை எவரும் ஏழைகளை விலக்கும் நோக்கத்தோடு வகுக்கவில்லை. இரவலுக்கு வரி வேண்டாம் என்ற 1999-ஆம் ஆண்டின் விலக்கு, கூலி உண்மையாகவே குறைய வேண்டும் என்ற 1969-ஆம் ஆண்டின் தீர்ப்பு, வாடகைக்கு விடுபவர் உரிமம் பெற வேண்டும் என்ற 1974-ஆம் ஆண்டின் சட்டம் ஆகிய மூன்றும் தனித்தனியே நியாயமானவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, வரி எவ்வளவு கூடுதலாகச் செலுத்துகிறாரோ அவ்வளவு மலிவாக ஒருவருக்கு மிதிவண்டி கிடைக்கும் ஏற்பாடு உருவாயிற்று. 1930-களில் ஆலைத் தொழிலாளி வாரந்தோறும் சில ஷில்லிங்குகள் கட்டிக் கடைசித் தவணையில் தமதாக்கிக்கொண்ட வாகனம், இன்று குறைந்தபட்ச ஊதியம் பெறும் அவருடைய பேரப்பிள்ளைக்குத்தான் முழு விலைக்கு விற்கப்படுகிறது.